சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்கு

நம்ம பிள்ளைகள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பி.டி.பி.டி.என். பேச்சை எடுத்துப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். "நீ கட்டுறியா?" என்று ஒருவர் கேட்பார். "நீ முதல்ல சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்" என்று மற்றவர் திருப்புவார். வீட்டுக் கடன், காடிக் கடன் பற்றி யாரும் இப்படிச் சிரிப்பதில்லை. காடிக்கு மூன்று மாதம் பணம் கட்டாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். படிப்பை யாரும் வந்து இழுத்துக்கொண்டு போக முடியாது. சிரிப்பு அதனால்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

கிள்ளானில் எங்கள் ஞாயிறு சமய வகுப்பில் கர்மவினை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆன தங்கை ஒருத்தி கை தூக்கினாள். "அண்ணா, பி.டி.பி.டி.என். கட்டாம இருந்தா அது பாவமா?" வகுப்பில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கேள்வியை வைத்துக்கொண்டு அன்று ஒரு மணி நேரம் பேசினோம், முடியவில்லை. அதற்குப் பிறகு பலரிடமும் கேட்டுப் பார்த்தேன். சிலர் "ஆமா, பாவம்தான்" என்று ஒரே வரியில் முடித்தார்கள். சிலர் "அரசாங்கம் நமக்கு என்ன செஞ்சுச்சு?" என்று சூடானார்கள். இரண்டு பேச்சும் எனக்குப் போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கடன் என்ன என்று பார்த்துவிடுவோம். தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பி.டி.பி.டி.என்., 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் அமைந்து அதே ஆண்டு நவம்பரில் செயல்படத் தொடங்கியது. அரசாங்கப் பல்கலைக்கழகம், தனியார் கல்லூரி இரண்டிலும் படிக்கிறவர்களுக்குக் கடன் கொடுக்கிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 4 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் இருந்தது, பிறகு 3 ஆனது. 2008 முதல் 'உஜ்ரா' என்ற முறையில் 1 விழுக்காடு. முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடன் தள்ளுபடி. இது எல்லாருக்கும் தெரியும். பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவனுக்கு அந்தப் பணத்தில் கட்டணமாகப் போவது கொஞ்சம்தான், ஏனென்றால் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மீதி எல்லாம் சோறு, பஸ், தங்கும் அறை, போட்டோஸ்டேட்.

நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அப்பா போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை செய்தார். கடனின் முதல் தவணை கைக்கு வர வகுப்பு தொடங்கி பல வாரம் ஆனது. அதுவரை ஒரு வேளை மெகி, ஒரு வேளை நாசி லெமாக். சனிக்கிழமை கோமுட்டர் ரயில் ஏறி வீட்டுக்குப் போய் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றோடு திரும்புவேன். பணம் வந்ததும் முதலில் செய்த வேலை, அம்மா மளிகைக் கடையில் வைத்திருந்த 555 புத்தகத்தைத் தீர்த்தது. அந்தச் சின்ன நோட்டுப் புத்தகம் இல்லாத வீடு அந்தக் காலத்தில் எங்கள் தாமானில் குறைவு. என்னோடு படித்த ஒருத்தி ஒவ்வொரு தவணையிலும் பாதியை வீட்டுக்கு அனுப்பினாள். ஐஸ்பெட்டி பழுதான மாதத்தில் முழுவதையும் அனுப்பினாள். அது விதிப்படி சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

இங்கேதான் கேள்வி கனமாகிறது. காடிக் கடன் வாங்கினால் காடி நிற்கிறது. வீட்டுக் கடன் வாங்கினால் வீடு நிற்கிறது. வாழ்க்கைச் செலவுக்கு வாங்கிய கடன் எங்கே நிற்கிறது? வயிற்றுக்குள் போய் உடம்பாகிவிட்டது. பத்து வருடம் முன்பு சாப்பிட்ட ரொட்டி சானாய்க்கு இன்று ஏன் கட்ட வேண்டும் என்று மனசு கேட்கிறது. பசித்தவனுக்குப் போடும் சோற்றை யாராவது கடனாகப் போடுவார்களா? நம் கோயில் அன்னதானத்தில் ரசீது கொடுத்து "ஆறு மாசம் கழிச்சு வந்து கட்டு" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஆனால் சோற்றுக்குக் கடன் உண்டு என்பது நம் மரபுக்குப் புதிதில்லை. செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். அதைக் கேட்டவுடன் கர்ணன் நினைவுக்கு வருவான். 1964-இல் வந்த சிவாஜி படத்தைப் பார்த்து அழாத பாட்டி எங்கள் வீட்டுப் பக்கம் இல்லை. பாண்டவர்கள் தன் தம்பிகள் என்று தெரிந்த பிறகும், துரியோதனன் செய்வது அநியாயம் என்று புரிந்த பிறகும், அவன் போட்ட சோற்றுக்காகக் கர்ணன் அவன் பக்கமே நின்று செத்தான். நாம் அதைப் பெருமையாகச் சொல்கிறோம். நானும் சின்ன வயதில் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். வயசாக ஆக எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. கர்ணனின் கடனுக்குத் தொகை எழுதப்படவில்லை. எவ்வளவு கொடுத்தால் தீரும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உயிரைக் கொடுத்தும் தீரவில்லை. தொகை எழுதாத கடன் மனிதனுடைய வாயைக் கட்டிவிடும். திரௌபதியைச் சபையில் இழுத்து வந்தபோது கர்ணனால் நியாயம் பேச முடியவில்லை, பேசியதும் அநியாயப் பேச்சு.

இதை நம் ஊரோடு வைத்துப் பாருங்கள். தேர்தல் நேரத்தில் ஒரு ஹேம்பர், ஒரு கவர், பிள்ளை படிப்புக்கு ஒரு காசோலை. கொடுத்தவர் படம் எடுத்துப் பேப்பரில் போடுவார். அதற்குத் திருப்பிக் கட்டும் தேதி இல்லை, தொகை இல்லை. ஆனால் அடுத்த முறை அவர் எதிரே வரும்போது நம் குரல் தானாக இறங்கிவிடுகிறது. அதுவும் செஞ்சோற்றுக் கடன்தான். அதோடு ஒப்பிட்டால் பி.டி.பி.டி.என். ஒப்பந்தம் எனக்கு மரியாதையான விஷயமாகப் படுகிறது. இவ்வளவு வாங்கினாய், இவ்வளவு கட்டு, கட்டி முடித்தால் போ. கட்டி முடித்த மறுநாள் நான் அரசாங்கத்தைத் திட்டலாம், எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடலாம், யாருக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டியதில்லை. கணக்கு உள்ள கடன் பணத்தைத்தான் கேட்கும், மனசாட்சியைக் கேட்காது.

"அதெல்லாம் சரி, அரசாங்கத்துக்குத்தானே கட்டறோம்? கோடி கோடியா தின்னவன் இருக்கான், என் இருபதாயிரம்தான் குறையா?" இந்தப் பேச்சை பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடைகளில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பேசுகிறவர்களுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1எம்.டி.பி. நிதியிலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் முறைகேடாக எடுக்கப்பட்டதாக அமெரிக்க நீதித் துறையே சொன்னது. இன்னொரு பேச்சும் உண்டு, அது இன்னும் ஆழமான காயம். பூமிபுத்ரா மாணவர்களுக்கு 1966-இலிருந்து மாரா இருக்கிறது. நம் பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்தும் கேட்ட துறை கிடைக்காமல் தனியாருக்குப் போய், இரண்டு மடங்கு மூன்று மடங்கு கடன் வாங்குகிறான். "எங்களைச் சமமா நடத்தாத நாட்டுக்கு நாங்க ஏன் சமமா கட்டணும்?"

இந்தக் கோபத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கோபத்தோடுதான் நானும் வளர்ந்தேன். ஆனால் அதை எந்த விலாசத்துக்கு அனுப்புகிறோம் என்று பார்க்க வேண்டும். பி.டி.பி.டி.என். கொடுக்கும் பணம் ஏதோ ஒரு மந்திரியின் பெட்டியில் இருந்து வருவதில்லை. அரசாங்கம் ஜாமீன் நிற்க, அந்தக் கழகம் வெளியே கடன் வாங்குகிறது, கடன் பத்திரம் வெளியிடுகிறது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் நம் ஊழியர் சேமநிதி வாரியமும் உண்டு. கிடங்கில் மூட்டை தூக்கிய என் அப்பாவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்களே, அந்த இ.பி.எஃப். காசு. வெளியே அதிக விலைக்கு வாங்கி நமக்கு 1 விழுக்காட்டுக்குக் கொடுக்கிறார்கள், நடுவில் விழும் பள்ளத்தை வரிப்பணம் நிரப்புகிறது. நாம் கட்டவில்லை என்றால் மந்திரிக்கு ஒரு வேளை சோறு குறையாது. பள்ளம் பெரிதாகும், அதை அடைக்க அடுத்து வருகிறவனுக்குக் கொடுக்கும் தொகையைக் குறைப்பார்கள். அந்த அடுத்தவன் யார்? காப்பாரிலோ பந்திங்கிலோ இன்று ஐந்தாம் படிவம் படிக்கிற பையன். அவனுக்கும் மலாய்க்காரப் பையனுக்கும் சீனப் பெண்ணுக்கும் ஒரே பானையில்தான் சோறு.

இதை நம் அம்மாக்களுக்கு விளக்கவே வேண்டாம். கூட்டுப் பிடித்தவர்கள் அவர்கள். பத்துப் பேர், மாதம் நூறு வெள்ளி, மாதம் ஒருத்தர் எடுப்பார். அரசாங்கம் அதைத் தடை செய்ய 1971-இல் ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம்ம 'கூட்டு' என்ற தமிழ்ச் சொல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பெருமைப்படுவதா வெட்கப்படுவதா தெரியவில்லை. கூட்டைச் செய்யச் சொல்லி நான் சொல்லவில்லை, ஏமாந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் இருந்த நியாயம் சுத்தமானது. முதல் மாதம் எடுத்தவள் இரண்டாம் மாதம் போடாமல் நின்றால் தெருவில் தலை காட்ட முடியாது. "தலைவி கெட்டவ, அதனால நான் போடல" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். தலைவி கெட்டவள் என்றால் அவளோடு சண்டை போடு, ஒன்பதாவது மாதத்துக்காகக் காத்திருக்கும் கமலாக்காவின் காசை ஏன் நிறுத்துகிறாய்? பி.டி.பி.டி.என். பெரிய கூட்டு. கமலாக்காவின் முகம் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரிக்பீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரலை விட்டு வெளியே வந்து ஜாலான் துன் சம்பந்தனில் தினமும் நடக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். பால்மரம் வெட்டும் ஜனங்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். நிதி என்றால் என்ன, போட்டால் யாருக்குப் போகும் என்பது அவர்களுக்குப் புரிந்தது. பட்டம் வாங்கிய நமக்கு அது புரியவில்லை என்றால் அது வேடிக்கை.

இப்போது சாஸ்திரத்துக்கு வருகிறேன், சமய வகுப்பில் கேட்ட கேள்வி அல்லவா. மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்பது வேத காலத்துக் கருத்து. தேவர் கடன், ரிஷி கடன், பித்ரு கடன். தைத்திரீய சம்ஹிதை அந்தணனை வைத்து இதைச் சொல்கிறது, பின்வந்த மரபு எல்லாருக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டது. சதபத பிராமணம் நாலாவதாக மனிதர் கடன் ஒன்றையும் சேர்த்து, வந்தவருக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து அதைத் தீர்க்கச் சொல்கிறது. இந்தக் கடன்களில் ஒரு விசேஷம் உண்டு. கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்க முடியாது. ரிஷி நமக்கு அறிவு கொடுத்தார், அவரைத் தேடிப் போய்த் திருப்பிக் கொடுக்க முடியுமா? படிக்கிறோம், அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், அப்படித்தான் தீர்கிறது. அப்பா அம்மா கடனைப் பிள்ளை பெற்று வளர்த்துத் தீர்க்கிறோம். கடன் பின்னால் போவதில்லை, முன்னால் போகிறது. படிப்புக்கும் சோற்றுக்குமாக வாங்கிய கடன் ரிஷி கடனும் மனிதர் கடனும் சேர்ந்த ஒன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. கடல் வழியாகவோ ரயில் பாதை வழியாகவோ வந்த நம் பாட்டன்மார் காலத்தில் இல்லாத ரூபம், ஆனால் அதே சங்கதி.

இதைச் சொன்னபோது என் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். அவர் பொறியியல் படித்தவர், வாராவாரம் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் எஸ்.பி.எம். பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணிதம் சொல்லித் தருகிறார். "ரிஷி கடனை நான் சொல்லிக் கொடுத்துத் தீர்க்கிறேன். டியூஷன் சென்டரில் கேட்டுப் பார், என் நேரத்துக்கு என்ன விலைன்னு. பி.டி.பி.டி.என்.-க்கு வேற எதுக்குக் கட்டணும்?" நல்ல கேள்வி. 1982-இல் டாக்டர் தம்பிராஜா ஶ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியதிலிருந்து எத்தனை பேர் இப்படித் தங்கள் சனி ஞாயிறைக் கொடுத்திருக்கிறார்கள்! அவர்கள் உழைப்பை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. ஆனாலும் நண்பருடைய வாதத்தை நான் ஏற்கவில்லை. அவர் வகுப்பில் இருபது பிள்ளைகள் கணிதம் கற்றுக்கொள்கிறார்கள், சரி. அவர்களில் ஒருத்தி பல்கலைக்கழகம் போய் மாணவர் விடுதி உணவகத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அவளுக்கு வேண்டியது அல்ஜீப்ரா இல்லை, ஆறு வெள்ளி. எந்த நாணயத்தில் தீர்ப்பது என்பதை வாங்கியவன் ஒருதலையாக மாற்ற முடியாது. சோறாக வாங்கினேன், சோறாகப் போக வேண்டும். சொல்லிக் கொடுப்பது அதற்கு மேல். நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

கட்ட முடிந்தவனைப் பற்றி இதுவரை பேசினேன். கட்ட முடியாதவர்களைப் பற்றிப் பேசாமல் போனால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் கல்லூரிகளில் தாதிமைப் பட்டயம் படித்து வந்த நம் பெண் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஏஜண்டு வீட்டுக்கே வந்தான். "கடன் நாங்களே எடுத்துக் கொடுக்கறோம், படிச்சு முடிச்சா வேலை" என்றான். அம்மாவுக்குச் சந்தோஷம், மகள் வெள்ளை உடுப்புப் போடுவாள் என்று. படித்து முடித்துப் பார்த்தால் அத்தனை பேருக்கும் வேலை இல்லை. நான் அறிந்த ஒருத்தி பட்டயத்தை அலமாரியில் வைத்துவிட்டு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனாள். கல்லூரிக்குக் கட்டணம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. கடன் அவள் பெயரில் நின்றது. பிணைக் கையெழுத்துப் போட்டிருந்த மாமாவுக்கு வக்கீல் கடிதம் வந்தது. தீபாவளிக்கு அந்த இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று போவதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன.

அவளைப் பார்த்துப் "பாவம் செய்கிறாய்" என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. இங்கே கணக்கில் மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான், அவன் லாபத்தோடு எழுந்து போய்விட்டான். தரமில்லாத படிப்புக்கும் கடன் கிடைக்கும்படி வைத்ததில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. மற்ற நாடுகள் இந்த ஆபத்தைப் படிக்கிறவன் தலையில் மட்டும் கட்டுவதில்லை. ஜெர்மனியில் மாணவர் வாழ்க்கைச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தில் பொதுவாகப் பாதி மானியம், மறு பாதி வட்டியில்லாக் கடன், அதிலும் 10,010 யூரோவுக்கு மேல் திருப்பிக் கேட்பதில்லை. இங்கிலாந்தில் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள், குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்தால் மிச்சம் அழிந்துவிடும். இங்கேயும் 2018 தேர்தலில் 4,000 வெள்ளி சம்பளம் வரும்வரை கட்டத் தேவையில்லை என்று வாக்குறுதி கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அதைவிடக் குறைந்த சம்பளத்திலேயே பிடித்தம் செய்யும் திட்டத்தை அறிவித்தார்கள், சத்தம் எழுந்ததும் ஒத்தி வைத்தார்கள். கொடுத்த வாக்கும் ஒரு கடன்தான். அதைக் கட்டாதவர்கள் நம்மைப் பார்த்து நாணயம் பேசும்போது எரிச்சல் வருவது நியாயம்.

கடன் கொடுத்தவனுக்கும் தர்மம் உண்டு என்பது நம் பழைய நூல்களில் தெளிவாகவே இருக்கிறது. ஒரே தடவையில் வசூலிக்கும் வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்று மனு ஸ்மிருதி சொல்கிறது. தாம்துபட் என்ற பெயரில் பிரிட்டிஷ் காலத்துப் பம்பாய் நீதிமன்றங்கள்கூட அதை நடைமுறையில் வைத்திருந்தன. ஆலோங்கிடம் மாட்டிக்கொண்ட குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த விதியின் அருமை தெரியும். பழைய 4, 3 விழுக்காட்டுக் காலத்தில் வாங்கி, கட்டாமலும் கேட்காமலும் வருடக்கணக்கில் விட்டவர்களின் அறிக்கையைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் ஏறி, வாங்கியதைவிடக் கட்ட வேண்டியது பயமாக நிற்கிறது. பயத்தில் கடிதத்தைப் பிரிப்பதில்லை. பிரிக்காததால் இன்னும் ஏறுகிறது. பழைய முறையில் இருந்தவர்கள் 1 விழுக்காட்டுக்கு மாறிக்கொள்ள வழி திறந்தபோதும் பலர் கடிதத்தைப் பிரிக்காததால் தெரியாமலே இருந்தார்கள்.

முடியாதது வேறு, ஒளிவது வேறு. கூட்டிலும் இப்படித்தான். ஒருத்தி வீட்டில் சாவு விழுந்தால் அந்த மாதம் அவள் போட மாட்டாள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் வந்து சொல்வாள். வாசலில் நின்று, "இந்த மாசம் முடியல, அடுத்த மாசம் சேர்த்துப் போடறேன்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தில் கடன் உயிரோடு இருக்கிறது, மானமும் இருக்கிறது. அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கும் வீட்டில் பி.டி.பி.டி.என்.-ஐ விட அது முந்தும். முந்தத்தான் வேண்டும். எந்தக் கடன் முதலில் என்று வரிசை போடுவது தர்மத்தில் பெரிய வேலை. வரிசையில் கடைசியில் வைக்கலாம். வரிசையில் இருந்தே தூக்கிவிடுவதுதான் தப்பு. வகுப்பில் கேட்ட அந்தத் தங்கைக்கு இப்போது பதில் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வேன்: முடியாமல் கட்டாதது பாவம் இல்லை. முடிந்தும் கட்டாதது, முடியாதபோது சொல்லாமல் ஒளிவது, இரண்டும் இன்னொரு பிள்ளையின் தட்டில் கை வைப்பது.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 வரை கட்டாதவர்கள் பெயர் குடிநுழைவுத் துறையின் கறுப்புப் பட்டியலில் இருந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பினாங்கு போகலாம், பேங்காக் போக முடியாது. அந்த ஆண்டு வந்த புது அரசாங்கம் தடையை எடுத்தது. எனக்குத் தெரிந்தவர்களிலேயே, ஏர்போர்ட்டுக்குப் பயந்து மாதம் கட்டி வந்த இரண்டு பேர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் வருடா வருடம் பத்துமலைக்குக் காவடி எடுப்பவர். 48 நாள் விரதம், ஒரு நாள் தவறாது. 272 படியும் ஏறுவார். முருகன் அவருக்கு நோட்டீஸ் அனுப்பியதில்லை, வக்கீல் வைத்ததில்லை. நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான், கொடுக்காமல் தூக்கம் வராது. கிரேக்கத்துச் சாக்ரடீஸ் விஷம் குடித்துக் கால் மரத்துப் போகும் நேரத்தில் நண்பனைக் கூப்பிட்டு, தெய்வத்துக்கு ஒரு சேவல் கொடுக்க வேண்டியிருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்று சொன்னாராம். சேவல் என்றதும் நம்மாள் மாதிரியே இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காவடி நண்பரிடம் நான் கேட்டேன்: "அதுவும் கடன், இதுவும் கடன். இதுக்கு மட்டும் ஏன் போலீஸ்காரன் நிக்கணும்?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாமி பார்க்குதுல்ல" என்றார். பி.டி.பி.டி.என்.-ஐச் சாமி பார்க்கவில்லை என்று யார் அவருக்குச் சொன்னது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, சாப்பாடு வந்துவிட்டது.

எங்கள் கிளையில் அடுத்த மாதத்திலிருந்து ஒரு சின்ன வேலை தொடங்குகிறோம். ஞாயிறு வகுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு இரண்டு பேர் உட்காருவோம். கடிதத்தைப் பிரிக்கப் பயப்படுகிறவர்கள் கொண்டு வாருங்கள், சேர்ந்து பிரிப்போம். தவணையைக் குறைத்து மறுசீரமைப்புக் கேட்பது, வேலை இல்லாதவர்கள் ஒத்திவைப்புக்கு விண்ணப்பிப்பது, சேமநிதிக் கணக்கிலிருந்து கட்டுவது, எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. பாரம் மலாயில் இருக்கும், நிரப்ப உதவுவோம். பிணைக் கையெழுத்துப் போட்ட மாமா, சித்தப்பாக்களும் வரலாம். அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வந்த கடிதங்கள் எல்லாம், பிரிக்காதவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.